குழாயோடு கிடந்த ஐப்பசி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பூண்டு மூட்டையின் மேல் ஊர்ப் பெயரும் மண்டிப் பெயரும்தான். சாக்கில் எழுதிப் பழகிய கை, தாளில் எழுதினாலும் எழுத்து ஒவ்வொன்றும் பூண்டுப் பல் அளவுக்கு வந்துவிடுகிறது. சின்ன ரகரம் எங்கே, பெரிய றகரம் எங்கே என்பதிலும் எப்போதும் குழப்பம். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்தி வாசிக்க வேண்டும்.

எழுதப் போகிற விஷயமும் அழகான விஷயம் இல்லை. மூத்திரம், சீழ், ரத்தம், ஒரு ரப்பர் குழாய், இவ்வளவுதான். சாப்பிடுகிற நேரத்தில் வாசிக்க வேண்டாம். இதை நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. சொல்ல வராது. வேற்று வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூசுகிற சுபாவம் எனக்கு. ஆனால் எனக்கு வந்த நோய் என் வயதுள்ள ஆண்கள் பலருக்கும் வருகிறது, அவர்களும் என்னைப் போலவே வாயைத் திறக்காமல் கிடக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் போளூர். கோடைக்கானலைத் தாண்டி மேல்மலையில் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். எனக்கு நோய் வந்த வருஷங்களில் பஸ் எங்கள் ஊர் வரை வராது. பஸ் நிற்கும் இடத்துக்கு அரை நாள் நடக்க வேண்டும். மூட்டைகளை மட்டக்குதிரைகள் சுமக்கும்.

குளிர் ஊரில் எல்லோருக்கும் அடிக்கடி ஒண்ணுக்கு முட்டும். அதனால் ஐம்பது வயதைத் தாண்டி எனக்கு அது அதிகமானபோது குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். காட்டு வேலையின்போது ஆண்கள் வரப்பு ஓரமாகப் போய் நிற்போம். மற்றவர்கள் முடித்து, வெற்றிலை போட்டு, மண்வெட்டியைக் கையில் எடுத்திருப்பார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். சொட்டுச் சொட்டாக வரும். நின்றுவிடும். வேட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினால் மறுபடி முட்டும்.

"என்ன மச்சான், வரப்புக்குத் தண்ணி பாச்சுறீகளா?" என்று என் மனைவியின் தம்பி கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அதிலிருந்து நான் தனியாக, தூரமாகப் போக ஆரம்பித்தேன். வலியைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

ஒரு புரட்டாசியில் அடியோடு அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாகிவிட்டது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூத்திரப் பைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு சுரப்பி உண்டு, நெல்லிக்காய் அளவு இருக்க வேண்டியது எனக்கு ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்து வழியை நெரிக்கிறது என்று டாக்டர் சொன்னார். வயிற்றைத் திறந்து எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்து பார்த்தபோது என் உடம்பிலிருந்து ஒரு குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. செம்மண் நிறம். எங்கே நுழைந்திருக்கிறது என்று எழுத வேண்டியதில்லை, தெரியும். மறுமுனை கட்டிலுக்கடியில் ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் இருந்தது. பாட்டிலில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. அது என்னிலிருந்து வந்தது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வாந்தி எடுத்தேன். வாந்தி எடுத்ததில் தையல் இழுத்தது. இழுத்ததில் பாட்டிலுக்குள் இன்னும் சிவப்பாக இறங்கியது.

காலையில் பெரிய டாக்டர் வருவார். அவர் பின்னால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். அதில் பெண் பிள்ளைகளும் உண்டு. ஒருவன் போர்வையை மார்பு வரை தூக்குவான். நான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகள் வயதில் ஒரு பெண் குனிந்து பார்த்தாள். வயிற்றுப் புண்ணிலிருந்து மூத்திரம் கசிந்து துணி மஞ்சளாக ஊறியிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியதற்காக அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. செத்த எலி கிடக்கிற இடத்தைப் போல என் இடுப்புக்குக் கீழே ஒரு வாடை இருந்தது. அதை விட்டு எழுந்து போகவும் முடியாது. நானேதான் அந்த இடம்.

வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று டாக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கு இஷ்டம் இல்லை. புண் மூடவில்லை என்றார். நான் விடாமல் கும்பிட்டேன்.

"சரி, குழாயோடயே போ. புண்ணு மூடுனதும் கோடைக்கானல்லயே எடுத்துக்கலாம், சீட்டு எழுதித் தர்றேன். ஆனா ஒண்ணு. தண்ணி நிறையக் குடிக்கணும், தெரியுதா? குழாய் அடைச்சுதுன்னா திரும்ப வயித்தத் தொறக்க வேண்டிவரும். இன்னொரு தடவை தொறந்தா நீ தாங்குவேன்னு என்னால சொல்ல முடியாது."

என் மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணி நிறைய, தண்ணி நிறைய" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாட்டிலையும் கையில் கொடுத்து, வழிக்கு மட்டும் குழாயின் நுனியில் ஒரு சின்ன அடைப்பானைச் செருகி அனுப்பினார்கள். வயிறு முட்டும்போது எடுத்துவிட வேண்டும். மலைப் பாதையில் பஸ் வளைவுக்கு வளைவு என்னை இப்படியும் அப்படியும் சாய்த்தது. பஸ் நின்ற இடத்தில் புதருக்குப் பின்னால் போய் அடைப்பானைப் பிடுங்கினேன். கைகளில் பட்டது. கழுவத் தண்ணீர் இல்லை. புல்லில் துடைத்துவிட்டு, அதே கையால் பஸ்ஸின் கம்பியைப் பிடித்து ஏறினேன். எனக்குப் பின்னால் அதே கம்பியைப் பிடித்து ஏறினவர்களைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியபின், குதிரை மேல் மூட்டைகளுக்கு நடுவே கம்பளி விரித்து ஒருச்சாய்த்து உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள்.

வீட்டுக்குள் என் கட்டில் அதிக நேரம் இருக்கவில்லை. எனக்கு மூத்தவர் ஒரு அக்கா. புருஷன் இறந்தபின் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். அவர் சொன்னால் எங்கள் வகையறாவில் மறுபேச்சு கிடையாது. ஐப்பசி விதைப்புக்கான விதைப்பூண்டு அடுப்புக்கு மேலே கட்டுக்கட்டாகப் புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே வந்ததும் அண்ணாந்து பூண்டைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் குனிந்து என்னையும் பாட்டிலையும் பார்த்தார்.

"தம்பி, வெதப்பூண்டு தொங்குற வீட்டுக்குள்ள இந்த வாட ஆகாதுப்பா. பூண்டு மொளைக்காமப் போயிரும். குதிரக் கொட்டாய்ல ஒரு பக்கம் தட்டி வச்சு மறச்சுத் தரச் சொல்றேன். பத்து நா கெடந்தா என்ன?"

"அங்க எப்படிங்க மதினி, குளிருல..." என்றாள் என் மனைவி.

"கம்பளி இல்லையா வீட்டுல? குதிர படுக்கலையா?"

குதிரைக்குக் குழாய் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கட்டில் கொட்டகைக்குப் போயிற்று.

அடுத்தது தண்ணீர். மனைவி சட்டி நிறைய வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பச்சப் புண்ணுக்காரனுக்கு இத்தனை தண்ணியா? நீர் கோத்துப் புண்ணு பொங்கிரும்டி. சுட்ட பூண்டும் சுடுசோறும் குடு. தொண்ட நனையத் தண்ணி குடு, போதும்."

"டாக்டரு நிறையக் குடிக்கச் சொன்னாருங்க மதினி."

"அவரு மதுரைக்காரரு. வெயில்ல கெடக்குற சனத்துக்கு வேர்த்து ஊத்தும், குடிக்கணும். அவருக்கு அதுதான் தெரியும். நமக்கு இங்க வேர்க்குதா? குடிச்ச தண்ணியெல்லாம் எங்க போகும், புண்ணுக்குத்தான போகும்?"

அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் கை வெட்டுப்பட்டாலும், பிள்ளை பெற்றாலும் தண்ணீரைக் குறைப்பதுதான் வழக்கம். என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அக்கா தலை மறைந்ததும் ஒரு செம்பு கொண்டுவருவாள். நான் பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கட்டிலுக்குப் பின்னால் கொட்டிவிடுவேன். எனக்கு என் கணக்கு ஒன்று இருந்தது. குறைவாகக் குடித்தால் பாட்டில் மெதுவாக நிரம்பும். மெதுவாக நிரம்பினால் அவள் அதை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடப்பது குறையும். எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். என் மனைவி என் மூத்திரத்தை அவர்கள் முன்னால் ஏந்திக்கொண்டு போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கொட்டகையில் தட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு மட்டக்குதிரைகள் நின்றன. வேலை முடிந்து வந்ததும் பெரியது கால்களை அகட்டி நின்று பெய்யும். சாதாரணமாகவா? மதகு திறந்த மாதிரி. நுரை பொங்கித் தட்டிக்கு அடியில் என் பக்கம் ஓடிவரும். காரமான நெடியில் கண் எரியும். முடித்துவிட்டு உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துக்கொண்டு புல்லுக்குத் தலையைக் குனியும். அதன் மேல் எனக்கு வந்த பொறாமை கொஞ்சமில்லை. மனிதன் ஒருவன் குதிரை மூத்திரம் போவதைப் பார்த்து ஏங்கிக்கொண்டு கிடக்கிறான் என்று நினைத்தபோது என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

குழாய் நுழைகிற இடத்தில் ஒரு பிசின் கட்டும். பச்சையும் மஞ்சளுமாக, மரத்தில் வடிகிற பிசின் போலவே. அதை வெந்நீர்த் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நானே செய்கிறேன் என்றால் வயிற்றுத் தையல் குனிய விடாது. மனைவிதான் செய்தாள். உருளைக்கிழங்கில் மண்ணைத் துடைக்கிற மாதிரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் துடைத்தாள். நான் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொள்வேன்.

"ஏங்க, மூஞ்சிய மூடிக்கிட்டா நான் வேற ஆளுன்னு நெனச்சுக்குவேனா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வெரசா முடி" என்றேன்.

நோயாளியைப் பார்க்க வருவது எங்கள் பக்கம் கட்டாயம். வராவிட்டால் பகை என்று அர்த்தம். முட்டை, ரொட்டி, பேரிக்காய் என்று ஏதாவது கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டிலைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்துகொள்வார்கள். எல்லோர் கண்ணும் கடைசியில் பாட்டிலுக்குத்தான் போகும். சிலர் குழாய் எங்கே நுழைகிறது என்று கேட்டார்கள், நான் காட்டவில்லை. ஒரு பெரியவர் நான் கண்ணை மூடியிருந்தபோது கம்பளி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு "ச்சூ... ச்சூ..." என்று நாக்கைச் சப்பினார். அவர் விரல் என் தொடையில் பட்ட இடத்தை அவர் போனபின் துணியால் துடைத்தேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். சம்பந்தி வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

சம்பந்தி என்றால் என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பெரியவர், மாப்பிள்ளையின் அப்பா. கிளாவரையிலிருந்து நடந்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் புதுக் கம்பளி. அவர் கொட்டகை வாசலில் குனிந்து நுழைந்ததும் நான் எழுந்து நின்றேன். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி முன்னால் படுத்துக் கிடப்பதாவது? உடம்பு அப்படித்தான் பழகியிருக்கிறது. செத்துக் கிடந்தாலும் எழுந்திருப்பேனோ என்னவோ. பாட்டில் கட்டில் காலில் கயிற்றால் கட்டியிருந்தது. நான் எழுந்த வேகத்தில் குழாய் விறைத்து இழுத்தது. உள்ளே யாரோ கொக்கி போட்டு இழுத்த மாதிரி இருந்தது. என்னை அறியாமல் கத்தினேன். கயிறு நழுவிப் பாட்டில் சாய்ந்து உருண்டது. அதில் இருந்ததெல்லாம் சம்பந்தியின் பாதங்களில் போய் ஊற்றியது. வேட்டிக் கரையும் நனைந்துவிட்டது.

"ஐய்யய்ய... இருங்க சம்மந்தி. நீங்க எதுக்கு எந்திரிக்கிறீக? படுங்க, படுங்க" என்றார். சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். காலைத் தூக்கித் தூக்கி வைத்தார், சேற்றில் கோழி நடப்பது போல. என் மனைவி ஓடிப்போய் அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு அவர் காலில் ஊற்றினாள். அவர் இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார். மறுபடியும் தண்ணீர் கேட்டார். மறுபடியும் கழுவினார். காப்பி வந்தது. கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அப்படியே கீழே வைத்தார்.

"சோலி கெடக்கு. இன்னொரு நா வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

அந்தக் காப்பி ஆடை படிந்து அங்கேயே ஆறிக் கிடந்தது. என் வீட்டுக் காப்பியைச் சம்பந்தி தொடாமல் போனார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் குடித்திருக்க மாட்டேன். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

சாயந்தரம் மைத்துனன் வந்தான். அவனுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. "கல்யாணத்துல நீங்க சம்மந்திக்குச் சரியாப் பாத பூச பண்ணலேன்னு அந்த வீட்டுல ஒரு கொறை இருந்துச்சு மச்சான். இப்ப தீந்துபோச்சு" என்றான். என் மனைவி விளக்குமாற்றை எடுத்து அவனை விரட்டினாள். விரட்டிக்கொண்டே அவளும் சிரித்ததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு நான் தண்ணீரை ஏறக்குறைய விட்டுவிட்டேன். தாகம் எடுத்தால் உதட்டை நனைத்துக்கொள்வேன். பாட்டிலில் ஒன்றும் இல்லாமல் இருந்தால் கொட்டவும் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அக்கா திருப்தியாகிவிட்டார். "பாத்தியா, புண்ணு வத்திக்கிட்டு வருது" என்றார். பாட்டிலுக்குள் இறங்கியது நாளுக்கு நாள் கருத்தது. காய்ச்சின பனைவெல்லப் பாகு போலத் தடித்து, அடியில் வெள்ளையாகப் பொடி படிந்தது. நாற்றம் குதிரைகளின் நெடியை மீறிவிட்டது. பெரிய குதிரை ஒருமுறை தட்டிக்கு மேலே தலையை நீட்டி முகர்ந்துவிட்டு, மூக்கைச் சீறிக்கொண்டு திரும்பிக்கொண்டது.

ஒருநாள் வெள்ளனே கண் விழித்தபோது பாட்டில் காய்ந்திருந்தது. அடிவயிறு மறுபடியும் கல். குழாயை அசைத்தேன், பிசைந்தேன். ஒன்றும் வரவில்லை. குழாயைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் கசிந்தது. வயிற்றுத் தையல் வழியாகவும் கசிந்தது. குளிர்க் காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டது. என் மனைவி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். டாக்டர் சொன்னது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் முகம் வெளுத்துவிட்டது. அக்காவைக் கேட்காமலே தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏலே, ஆளுகளக் கூட்டிட்டு வா. வெரசா வா."

இந்தத் தடவை குதிரை மேல் உட்கார என்னால் முடியாது. மூங்கில் கழியில் கம்பளியைத் தூளி மாதிரிக் கட்டி, அதில் என்னைப் போட்டு பஸ் நிற்கும் இடம் வரை நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நாலு பேரும் எங்கள் தெரு. நான் யாரிடமிருந்து மறைத்தேனோ அவர்களேதான். என் ஈரம் கம்பளியில் இறங்கி, பின்னால் வந்தவன் தோள் வரை சொட்டியது. அவன் தோளை மாற்றிக்கொண்டான்.

"மேடு வருது, பாத்து மெள்ளப் போங்கடா. பான தளும்பிரும்" என்றான் மைத்துனன்.

"தளும்புனா நல்லதுதாண்ணே. வரமாட்டேங்குதேன்னுதான தூக்கிட்டுப் போறோம்" என்றான் முன்னால் போனவன்.

எல்லோரும் சிரித்தார்கள். மூச்சு வாங்க, கால் வழுக்க, மழைச் சேற்றில் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். தூளிக்குள் மடங்கிக் கிடந்த எனக்கு அந்த வாடையும் அந்தச் சிரிப்பும் சேர்ந்து குமட்டியது. செத்துவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். அதே சமயம் திரும்ப வயிற்றைத் திறப்பார்களே என்று பயந்து நடுங்கவும் செய்தேன். சாக ஆசைப்படுகிறவனுக்குக் கத்தி மேல் என்ன பயம்? எனக்கு இரண்டும் ஒன்றாக இருந்தன.

கோடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வாஷ் பண்ணிப் பாருங்க சிஸ்டர். கிளியர் ஆகலேன்னா மதுரைக்குத்தான் அனுப்பணும், மறுபடி ஆப்பரேஷன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நர்சம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். பருத்த கைகள். பெரிய ஊசிக்குழலில் உப்புத் தண்ணீர் ஏற்றிக் குழாய் வழியாக உள்ளே தள்ளினார். பிறகு வெளியே இழுத்தார். நான் சுவரைப் பிறாண்டினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. மறுபடி தள்ளினார். திடீரென்று ஏதோ உடைந்த மாதிரி இருந்தது. தட்டில் வந்து விழுந்ததை எழுதக் கை கூசுகிறது. சுண்ணாம்புப் பொருக்கு, நூல் நூலாகச் சளி, கறுத்த ரத்தக் கட்டி, அதன் பின்னால் கலங்கிய குட்டை மாதிரி ஒரு வெள்ளம். அறை முழுக்க முட்டை அழுகிய நாற்றம். வாசலில் எட்டிப் பார்த்த மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவனுடைய கேலி எல்லாம் அங்கே தீர்ந்துபோயிற்று.

நர்சம்மா பழைய குழாயை உருவி எடுத்து வேறொன்றைப் போட்டார். பழையதின் நுனியைச் சுற்றிச் சுண்ணாம்பு அடை கட்டியிருந்தது.

"டெய்லி எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டார்.

"பத்தியங்க" என்றாள் என் மனைவி.

"பத்தியமா! யாருங்க உங்களுக்கு அட்வைஸ் பண்ணது?"

"குளிரூருல வேர்க்காதுல்லங்க. குடிச்சா புண்ணுக்குப் போயிரும்னு..."

நர்சம்மா திட்டவில்லை. ஒரு ஜக் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "என் எதிர்ல குடிங்க" என்றார். குடித்தேன். மறுபடி கொண்டுவந்தார். தினமும் அப்படித்தான். தண்ணீரைக் கண்டாலே ஓங்கரிப்பு வருகிற வரைக்கும் குடித்தேன். பாட்டில் தெளிந்தது. வயிற்றுப் புண் கசிவது நின்றது. தண்ணீர் புண்ணுக்குப் போகவில்லை.

பிறகு ஒரு காலையில் குழாயை எடுத்தார். உள்ளே கிடந்த பாம்பை உருவினது போல இருந்தது. அதைத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பினார். என் மனைவி முந்தானையை ஏந்தினாள்.

"அதக் குடுங்கம்மா. முச்சந்தியில போட்டுக் கொளுத்திட்டுப் போறோம். பீடை இதோட ஒழியட்டும்."

"ஐயோ, தர முடியாதும்மா. பாயில் பண்ணி வேற பேஷன்ட்டுக்குப் போடணும்."

நான் படுக்கையிலிருந்து தலையைத் தூக்கினேன். அந்த ஊருக்கு வந்து நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். "அப்ப எனக்குப் போட்டது?"

"அதுவும் யாருக்கோ இருந்ததுதான். நல்லா பாயில் பண்ணித்தான் போடுவோம், பயப்படாதீங்க" என்றார். "மத்தியானத்துக்குள்ள நீங்களாப் போகணும். இல்லேன்னா திரும்ப அதைத்தான் போடணும்."

பக்கத்து அறையில் ஸ்டவ் மேல் ஒரு சட்டியில் அது கொதிக்க ஆரம்பித்தது. கதவு திறந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. சிவப்பாக, சுருண்டு, தண்ணீரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒருவனுடைய உடம்பிலிருந்து என் உடம்புக்குள் வந்தது. எவனோ, என்ன வியாதியோ. இனி என்னிலிருந்து இன்னொருவனுக்குப் போகும். அல்லது எனக்கே திரும்பி வரும். அதுவரை பட்ட அருவருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

மறைப்புக்குப் பின்னால் டப்பாவைக் கொடுத்து நிற்கச் சொன்னார்கள். முட்டியது, வரவில்லை. அந்தப் பக்கம் ஆட்கள் இருமினார்கள், பேசினார்கள். அவர்கள் காதில் விழும் என்று நினைத்ததுமே எல்லாம் இறுகிக்கொண்டது. நர்சம்மா குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "இந்தச் சத்தத்தைக் கேளுங்க, வரும்" என்றார். வரவில்லை. மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. சட்டியை இறக்கி வைத்துவிட்டார்கள்.

"வெளிய கூட்டிட்டுப் போகட்டுங்களா?" என்று என் மனைவி கேட்டாள். "இவுக ஆள் இருக்குற எடத்துல போக மாட்டாக."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேலியோரம் கற்பூர மரங்கள் நின்றன. மஞ்சு இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மனைவி கம்பளியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் மரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எரிச்சலாக ஒரு சொட்டு. மிளகாய் அரைத்த கை பட்டது போல. ஒரு சின்ன ரத்தக் கட்டி வெளியே வந்து இலை மேல் விழுந்தது. அதன் பின்னால் நூல் மாதிரி ஆரம்பித்து, அறுந்து, மறுபடி பிடித்து, வந்தது. நிற்காமல் வந்தது. என் காலிலும் தெறித்தது, வேட்டியிலும் தெறித்தது. நான் நகரவில்லை. நகர்ந்தால் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது.

"வந்துச்சா?" என்றாள் திரும்பாமலே.

நான் மரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"ஏங்க, வந்துச்சாங்கறேன்?" என்று இன்னும் சத்தமாகக் கேட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சுக்குள் யாரோ பேச்சை நிறுத்தினது கேட்டது.

"சத்தம் போடாத. வருது" என்றேன்.

அவள் கம்பளியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். "நர்சம்மா, போயிட்டாருங்க! தானாப் போயிட்டாருங்க!" என்று அவள் கத்தியது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். நான் மறைப்பில்லாமல், நனைந்த வேட்டியோடு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் முடிகிற வரை போனேன்.

அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை. பல மாதம் தும்மினால் கசிந்தது, மண்வெட்டி ஓங்கினால் கசிந்தது. துணி வைத்துக் கட்டிக்கொண்டேன். அதை யாரையும் துவைக்க விடாமல் நானே ஓடையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத் துவைத்தேன். அந்த வாடை இப்போதும் சில சமயம், ஒன்றுமே இல்லாதபோது, மூக்கில் வந்துவிட்டுப் போகும். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். வயிற்றை மறுபடி திறக்காமல் தப்பித்தேன், அது வரைக்கும் சரி. இதே நோயில் கிடக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். யார் என்ன சொன்னாலும், எவ்வளவு கூச்சமாக இருந்தாலும், தண்ணீரைக் குடித்துவிடுங்கள். பாட்டிலைக் கொட்ட யாராவது இருப்பார்கள்.

எழுதி முடித்தது: 24-2-1966, போளூர்.